இடது கண், பதினேழாம் படம்

பிடரியில் ஆணி இறங்கின மாதிரி வலி. காலை ஒன்பது மணிக்குக் குனிந்த கழுத்து மதியம் இரண்டாகியும் நிமிரவில்லை. யேசுதாசன் இரண்டு கையாலும் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். கல்லுடைக்கிறவனுக்குத் தோள் போகும், மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு போகும், இவனுக்குக் கழுத்து. உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலைதானே என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து பதினான்கு பேருடைய கண்ணுக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

"தைலம் வாங்கித் தேயுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" நர்ஸ் ரத்தினபாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாகர்கோவில்காரி. "இன்னும் ஒரு ஆளு இருக்கு. சொட்டு மருந்துல கருமணி நல்லா விரிஞ்சாச்சு. இதையும் முடிச்சிட்டுப் போய்ச் சோறு தின்னுங்க."

சேலையூர்ப் பக்கம் இருந்த அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு யேசுதாசன்தான் போட்டோகிராபர். எண்பத்தெட்டில் டாக்டர் வேதசிரோமணி வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய காமிராவைத் தருவித்தார். ஆளை உட்காரவைத்து, கருமணி வழியாக உள்ளே நுழைந்து, கண்ணின் பின்சுவரைப் படம் பிடிக்கிற காமிரா. அதை ஓட்டுவதற்கு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய இவனைப் பிடித்துப் போட்டார். இப்போது தொண்ணூறு ஜனவரி.

ரத்தினபாய் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெண்ணுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் சுருக்குப்பை. அறை முழுக்க மீன் வாடை வந்தது.

"ஒண்ணுமே தெரில. எல்லாம் புகையா கீது. யாரு நீ, டாக்டரா?"

"போட்டோ புடிக்கிறவன்மா."

"போட்டோவா? சொல்லியிருந்தா நல்ல பொடவையா கட்டினு வந்திருப்பேனே!"

"மூஞ்சி வுழாது. கண்ணுக்குள்ள மட்டுந்தான்."

"உள்ளயா? உள்ள இன்னா கீது?"

அந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் ஒருத்தரும் அவனிடம் கேட்டதில்லை. "மோவாய இதுல வையி. நெத்திய அந்தப் பட்டையில முட்டு. செவப்புப் புள்ளி தெரிதா? அதையே பாரு. கண்ண அசைக்காத" என்றான்.

சீட்டில் பேர் கன்னியம்மா என்றிருந்தது. சர்க்கரை வியாதி, நாலு வருஷமாக. கோவளத்தில் படகு வந்ததும் மீன் எடுத்து, பஸ்ஸில் கூடையோடு வந்து, தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிறவள்.

பிளாஷ் அடித்தது.

"அடப்பாவி! மின்னல புடிச்சி உள்ள வுட்டியே!"

"இப்ப எல்லாம் செவப்பாத் தெரியும். ரெண்டு நிமிஷத்துல போயிடும். சிரிக்காத, கண்ணு ஆடுது."

வலது கண் சுளுவாக முடிந்தது. இடது கண்ணில் மேல் ஓரத்தை எடுக்கும்போதுதான் கொஞ்சம் பேஜாராகப் போயிற்று. மேலே பார் என்றால் அவள் பாதிதான் பார்த்தாள். அதை எடுத்தான். "இன்னும் மேல, இன்னும் மேல, வூட்டுக் கூரையப் பாக்குற மாதிரி" என்றான். "என் வூட்டுக் கூரையில ஓட்டதான் தெரியும்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு இன்னொன்று எடுத்தான். கண் நூலளவு நகர்ந்தால்கூடப் பிளாஷின் வெளிச்சம் கண்ணாடியில் அடிபட்டுத் திரும்பி, படத்தின் ஓரத்தில் வெள்ளைப் பிறையாக விழுந்துவிடும். விழுந்திருக்கும் என்று எடுக்கும்போதே அவனுக்குத் தெரிந்தது. போகட்டும், முந்தினது இருக்கிறது என்று விட்டுவிட்டான். முந்தினது ரோலில் பதினாறாவது படம். பிறை விழுந்தது பதினேழு.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் கையில் வைத்துப் பார்க்கிற சின்ன விளக்கில் கண்ணின் நடுப்பாகம்தான் தெரியும். ஓரங்களைப் பார்க்கத்தான் படம். ரோல் முடிந்ததும் மவுண்ட் ரோட்டில் ஒரு லேபுக்குப் போகும். எட்டு நாளில், அட்டைச் சட்டம் போட்ட குட்டிக் குட்டி ஸ்லைடுகளாகத் திரும்பி வரும். அதை யேசுதாசன் விளக்குப் பெட்டி மேல் பரப்பிப் பொறுக்கி, ஆள் வாரியாக நம்பர் போட்டு, டாக்டர் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.

"கண்ணுக்கு அஞ்சு படம், யேசுதாஸ். ஆறாவது வேண்டாம்" என்று முதல் வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். "பிறை விழுந்தது, இமை மறைச்சது, எதுவும் என் மேஜைக்கு வரக் கூடாது. நான் ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பாக்கறேன். எது நல்ல படம்னு பாக்கற வேலை உன்னோடது."

"மத்ததை என்ன சார் பண்றது?"

"வெட்டிக் குப்பையில போடு. நோயாளி படம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது. அதுல மட்டும் கவனமா இரு."

முதல் மூன்று நாள் வெட்டிப் போட்டான். நாலாம் நாள் ஒன்றை வெட்ட மனசு வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் தினமும்.

யேசுதாசனுடைய அப்பன் திரிசூலம் மலையில் கல்லுடைத்தவர். சில் தெறித்து ஒரு கண் போனவர். போன கண்ணைப் பார்க்க எவனும் வரவில்லை. மேஸ்திரி ஒரு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டான். மகன் கல்லுக்குப் போக வேண்டாம் என்று ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அங்கே யேசுதாசன் பேர் எடுத்தது ஒரே ஒரு வேலையில்: செத்தவர்களின் கண்ணைத் திறப்பது. உயிரோடிருக்கும்போது ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத ஜனங்கள், பிணத்தை நாற்காலியில் கட்டி உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொல்லி, "கண்ணு தொறந்த மாதிரி போட்டுக் குடுப்பா" என்று கேட்பார்கள். மூடிய இமை மேல் பென்சிலாலும் தூரிகையாலும் கண் எழுதுவான் யேசுதாசன். கடைசியில் மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை வைத்ததும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டு ஜனம் படத்தைப் பார்த்து, "அப்பிடியே எங்கப்பா பாக்குற மாதிரியே கீது" என்று கேவும். அவன் எல்லாருக்கும் ஒரே ஜோடிக் கண்ணைத்தான் எழுதினான். பதினெட்டு வருஷத்தில் ஒரு ஜனமும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரிக் காமிராவில் முதல் தடவை குனிந்தபோது, இத்தனை காலம் பானையின் மூடியைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. உள்ளே சூளையில் வெந்த செங்கல் நிறத்தில் ஒரு வெளி. ஒரு பக்கத்தில் வெளுத்த மஞ்சளாக ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து கிளம்பி, செம்பாக்கம் ஏரி வற்றினால் சேற்றில் ஓடுமே வாய்க்கால், அப்படிப் பிரிந்து பிரிந்து போகிற ரத்தக்குழாய்கள். ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இல்லை. ஒரே ஆளின் இரண்டு கண்ணும்கூட வேறு வேறு. இதில் பொய் எழுத முடியாது.

இரும்புலியூரில் ரயில் பாதையோரம் ஒற்றை அறையில் குடியிருந்தான். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்தார்கள், இரண்டு இடத்தில் தட்டிப்போயிற்று, அம்மா செத்தாள், அதற்குப் பிறகு பார்க்க ஆளில்லை, இவ்வளவுதான் கதை. மூடிப்போன ஒரு டுடோரியலிலிருந்து ஸ்லைடு காட்டுகிற புரொஜக்டரைச் சல்லிசாக வாங்கி ரிப்பேர் செய்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, வெள்ளையடித்த சுவரில் ஒவ்வொரு கண்ணாகப் போட்டுப் பார்ப்பான். ஒரு கண் நாலடி அகலத்துக்கு வரும். எலக்ட்ரிக் ட்ரெயின் போகும்போது சுவர் நடுங்கும், கண்ணும் நடுங்கும்.

ஒரே ஒரு தடவை பக்கத்து அறை துரையைக் கூப்பிட்டுக் காட்டினான். துரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "ஐய, இன்னா மச்சான் இது, அறுத்த மாட்டு ஈரலா?" என்று கேட்டான். அதற்கப்புறம் யாருக்கும் காட்டவில்லை.

வேறொரு சங்கடமும் இருந்தது. தாம்பரத்தில் பாதிப் பேரின் கண்ணுக்குள் அவன் போய் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கோயிலில் அவர்களைப் பார்ப்பான். இந்தாளுக்கு இடது கண்ணில் ஒரு குழாய் பாம்பு மாதிரி வளைந்து போகும், இந்த அம்மாவுக்கு வட்டம் ரொம்பச் சின்னது, என்று எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். அவர்களுக்கு இவனைத் தெரியாது. சொட்டு மருந்து விட்ட கண்ணோடு உள்ளே வந்து, அதே மங்கலோடு வெளியே போனவர்கள். இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கன்னியம்மாவின் ஸ்லைடுகள் எட்டாம் நாள் வந்தன. விளக்குப் பெட்டி மேல் வலது கண் ஐந்தையும் வரிசையாக வைத்தான். இடது கண்ணில் நான்கு வைத்தான். மேல் ஓரத்துக்குப் பதினாறா, பதினேழா?

பதினாறு சுத்தமான படம். டாக்டர் கேட்ட மாதிரி. பதினேழில் கீழ்ப்பக்கம் வெள்ளைப் பிறை விழுந்து கால்வாசிப் படத்தைத் தின்றிருந்தது. ஆனால் அவள் இன்னும் மேலே பார்த்திருந்ததால், பதினாறில் வராத ஒரு மூலை இதில் வந்திருந்தது. அந்த மூலையில், பெரிய குழாய் ஒன்றின் பக்கத்தில், மயிரைவிட மெல்லிய கொடிகள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. முளைக்கீரை மண்ணைப் பிளந்து வரும்போது எப்படி இருக்கும், அந்த மாதிரி. லென்ஸை வைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். இவ்வளவு அழகான ஒன்றை அவன் அதுவரை பார்த்ததில்லை.

இது என்ன என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். பிறை விழுந்ததைக் கொண்டுவந்ததற்கு ஒரு சத்தம் போட்டிருப்பார், அவ்வளவுதான். கேட்டால் படம் பைலுக்குப் போய்விடும் என்பதும் யேசுதாசனுக்குத் தெரிந்திருந்தது. கை தானாகப் பதினாறை எடுத்து வரிசையில் வைத்தது. பதினேழு சட்டைப் பைக்குப் போயிற்று. விதிப்படி அது குப்பை. குப்பையைத்தானே எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டான்.

டாக்டர் பத்துப் படத்தையும் பார்த்துவிட்டு, முடிவு கேட்க வந்த கன்னியம்மாவிடம், "சுத்தமா இருக்கும்மா. சர்க்கரையை ஏறவிடாதே. ஆறு மாசம் கழிச்சு வா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினேழு சுவரில் விழுந்தது. அடுத்த ஞாயிறும். வேறு படங்களை மாற்றி மாற்றிப் போட்டாலும் கடைசியில் அதைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பான்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் மார்க்கெட்டில் சங்கரா மீன் விலை கேட்டான். குனிந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "கண்ண அசைக்காத, செவப்புப் புள்ளியப் பாரு" என்றாள்.

யேசுதாசன் பின்னாலே திரும்பிப் பார்த்தான்.

"உன்னத்தாண்ணா சொல்றேன். கொரல வச்சே புடிச்சிட்டேன் பாத்தியா? மின்னல் அடிச்ச ஆளு நீதான?" கன்னியம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஐய, நான் இன்னாவோ பெரிய ஆளா இருப்பன்னு நெனச்சிருந்தேன். சோத்துக்கு இல்லாதவனாட்டம் கீறியே."

பக்கத்துக் கடை எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். யேசுதாசனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தாடை வலித்தபோதுதான் தெரிந்தது.

அதிலிருந்து வாரம் இரண்டு தடவை மீன் வாங்கினான். ஒற்றை ஆளுக்கு எதற்கு அரைக் கிலோ என்று அவளே கேட்டு, கால் கிலோதான் போடுவாள். புருஷன் போய் ஆறு வருஷம், ஒரே பொண்ணு வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்து அங்கே கிடக்கிறாள், வீடு கோவளத்தில் குப்பத்துக்குப் பின்னால், என்று அவள் கதை துண்டு துண்டாக வந்தது. அவன் கதையையும் கேட்டாள். பிணத்துக்குக் கண் எழுதினதைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "நான் செத்தா எனக்கு நல்லதா ரெண்டு எழுதிடுண்ணா. இப்ப இருக்குறது மாறுகண்ணு மாதிரி கீதுன்னு என் மாமியா சொல்லிக்கினே இருப்பா."

"எழுத மாட்டேன். ஒன்னுது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"எப்பிடிக் கீது?"

"அழகா கீது" என்றான். சொல்லிவிட்டு வேர்த்துப்போனான். எல்லம்மா இருமினாள்.

ஈஸ்டருக்குப் பிறகு கன்னியம்மாவைக் காணோம். மார்க்கெட்டில் இடத் தகராறு வந்து, போங்கடா என்று கோவளத்திலேயே பஸ் நிற்கிற இடத்தில் கடை போட்டுவிட்டாளாம். எல்லம்மாதான் சொன்னாள். கோவளம் ஒன்றும் சீமை இல்லை, பஸ் இருக்கிறது. ஆனால் கால் கிலோ சங்கரா வாங்க ஒருவன் கோவளம் போனால் அதற்கு என்ன பேர் வைப்பார்கள்? போகவில்லை. மீன் வாங்குவதையே விட்டான். ஞாயிற்றுக்கிழமை கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் கொடிகளின் முன்னால் பக்கெட்டில் உட்கார்ந்திருந்தான். அது அவளோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ஜூலை மாதம் ஒரு நாள் டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார். விளக்குப் பெட்டியில் ஒரு ஸ்லைடு இருந்தது. பீர்க்கன்கரணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடையது.

"யேசுதாஸ், இங்க வா. இதைப் பாத்தியா, விசிறி மாதிரி?"

பார்த்தான்.

"இதான் புதுக் குழாய். சர்க்கரைக்காரங்களுக்கு வரும். நல்ல குழாய் அடைச்சுப் போச்சுன்னா, பதிலுக்கு இது முளைக்கும். பாக்க லட்சணமா இருக்கும், ஆனா சுவர்ல பலமே கிடையாது. ஒரு நாள் படார்னு உடையும், கண்ணு பூரா ரத்தம். முன்னாலயே பாத்துட்டா லேசர் வச்சுச் சுட்டு நிறுத்திடலாம். பார்வை தப்பிச்சிடும். இனிமே ஓரத்துல இந்த மாதிரி எதைப் பாத்தாலும் எனக்குத் தனியாக் காட்டு, என்ன?"

"சார்" என்றான் யேசுதாசன்.

"என்ன?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. சொன்னால், படம் எங்கே என்பார். வீட்டில் என்றால், எத்தனை என்பார். அறுநூற்றுச் சொச்சம். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி ஸ்டூடியோ வாசலில் போய் நிற்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல சார். காட்டறேன்."

மறுநாள் விடிகாலையில் கோவளம் பஸ்ஸில் ஏறினான். படகுகள் கரையேறி ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடைக்காரிகளின் கூச்சலுக்குள் புகுந்து தேடினான். அங்கே இல்லை. பஸ் நிற்கிற இடத்தில், சாக்கு விரித்து, இரண்டு கூறு நெத்திலியும் நாலு காரப்பொடி மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு பெரிய மீன் வெட்டுகிறவள். இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"கன்னியம்மா."

தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் பார்த்தாள். "போட்டோக்கார அண்ணாவா? இன்னாண்ணா, இவ்ளோ தூரம்?"

"வெரல்ல இன்னா?"

"கத்தி வெட்டிச்சு. இந்தப் பக்கக் கண்ணு சரியில்லண்ணா. மொதல்ல கொசு பறக்குற மாதிரி இருந்திச்சி. அப்பால ஒரு நாள் கூடைய தூக்குறேன், செவப்பா எறங்குது பாரு, தண்ணில ரத்தம் கரையுற மாதிரி. இப்ப இருட்டுதான். ஒரு மாசம் ஆவுது."

"ஒரு மாசமா? ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"எதுக்குத் திட்ற? டாக்டரு ஆறு மாசம்னு சொன்னாரில்ல? இந்த மாசக் கடைசிதான் ஆறு மாசம். வரலாம்னுதான் இருந்தேன்." பிறகு சந்தேகத்தோடு கேட்டாள். "உனக்கு யாரு சொன்னா?"

கடல் பக்கத்திலிருந்து காற்று மணலை வாரி அடித்தது. "டாக்டர்தான் கூப்ட்டு வரச் சொன்னாரு" என்றான் யேசுதாசன்.

"எனக்காகவா? டாக்டரா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, "பாத்தியாடி, டாக்டரு ஆள் அனுப்பி கீறாரு" என்றாள்.

அன்றைக்கே படம் எடுத்தான். வலது கண் தெரிந்தது. இடது கண்ணில் குனிந்தால் காமிராவுக்குள் வெறும் கருஞ்சிவப்பு. எதைக் குவியப்படுத்துவது என்றே தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கண்ணுக்குள் வாழ்ந்தவனுக்கு ஒரு கண் கதவைச் சாத்திக்கொண்டது. டாக்டர் ஸ்லைடு வரக் காத்திருக்கவில்லை. அவசரத்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இடது கண்ணுல ரத்தம் உறைஞ்சு, உள்திரையை இழுத்துப் பிரிச்சுடுச்சு. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை. வலது கண்ணுல இப்பதான் முளைக்குது. இதையாவது விடக்கூடாது. நாளைக்கே பட்டணத்துல லேசர் வைக்கணும். சீட்டு எழுதித் தரேன்." பிறகு ரத்தினபாயிடம் ஜனவரிப் பைலைக் கொண்டுவரச் சொன்னார். இடது கண் ஐந்து ஸ்லைடையும் விளக்குப் பெட்டியில் வைத்தார். நாலாவதாக வைத்தது பதினாறு.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. ஆறு மாசத்துல இந்த வேகத்துக்கு வராதே." அவர் கன்னியம்மா பக்கம் திரும்பினார். குரல் ஏறிற்று. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டியா? உண்மையச் சொல்லு."

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நடுவுல கொஞ்ச நாள் வுட்டுட்டேன் சார். மாத்திரை வாங்க..."

"அதான பாத்தேன்! நாங்க இங்க ராப்பகலாப் படம் எடுத்துப் பாத்துப் பாத்துச் சொல்றோம், நீங்க உங்க இஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்திடறீங்க. கண்ணு போச்சுன்னா யார் மேல தப்பு?"

"எம்மேலதான் சார்."

யேசுதாசன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இப்போது சொல், இப்போது சொல் என்று ஏதோ உள்ளே உதைத்தது. டாக்டர் சீட்டு எழுதி முடிக்கிறவரை நேரம் இருந்தது. ரத்தினபாய் அவன் முகத்தைப் பார்த்து, "கழுத்து வலியா? உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தான்.

லேசருக்கு நாலு தடவை போக வேண்டியிருந்தது. நாலு தடவையும் அவன்தான் லீவு போட்டு எலக்ட்ரிக் ட்ரெயினில் கூட்டிப்போனான். கூட்டத்தில் அவள் இடது பக்கம் நின்றுகொள்வான், எவனும் இடிக்காமல். போகும்போதெல்லாம் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பான். வரும்போது அவள் கண்கூசி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு கையைப் பிடித்திருக்கும்போது எப்படிச் சொல்வது?

வலது கண் நின்றது. டிசம்பரில் டாக்டர் அதைப் படத்தில் பார்த்து, "பரவாயில்லை, பிடிச்சுட்டோம்" என்றார். மார்க்கெட்டில் சமாதானம் ஆகி, கன்னியம்மா மறுபடியும் தாம்பரத்துக்கே வந்தாள். பெரிய மீனை எல்லம்மா வெட்டிக்கொடுத்தாள்; பேரமும் காசும் இவள் பார்த்துக்கொண்டாள். வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னாள். "இந்த அண்ணா கோவளம் வந்து கூப்ட்டு போவலன்னா இன்னேரம் நான் ரெண்டு கண்ணும் அவிஞ்சி கோயில் வாசல்ல குந்தினு இருப்பேன். கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்." ஜனங்கள் யேசுதாசனைத் திரும்பிப் பார்த்தார்கள். தாம்பரத்தில் இப்போது அவன் முகம் பத்துப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பதினேழாம் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான். காட்டி, சொல்லி, அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டு வருவது என்று. கூட்டம் குறையக் காத்திருந்தான். குறைந்தது. எல்லம்மா டீ வாங்கப் போனாள்.

"கன்னியம்மா, ஒண்ணு சொல்லணும்."

தலையைத் திருப்பி வலது கண்ணால் அவனைப் பார்த்தாள். "சொல்லு. எதுக்கு இப்பிடிப் பம்முற? கடன் கிடன் வேணுமா?"

"அது இல்ல. ஒன் கண்ணு... ஜனவரில எடுத்த படம்..."

"அத்த ஏன் இப்ப பேசிக்கினு? நான்தான் மாத்திரைய வுட்டேன், போச்சி. இதாவது நின்னுச்சே, ஒன் புண்ணியத்துல." வாழையிலையில் இரண்டு வஞ்சரத் துண்டை வைத்து மடித்தாள். இடது கை தடவித் தடவி நூலைக் கண்டுபிடித்தது. "இந்தா, பண்டிகைக்கு. காசு எடுத்த, அப்பால நடக்குறதே வேற. ஏண்ணா, நாளைக்கி சாயந்தரம் இன்னா பண்ற? நம்ம வூட்டுக்கு வாயேன். தனியா குந்தினு இன்னா பண்ணப் போற?"

மனுஷன் குரல் கேட்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று! யேசுதாசன் மீனை வாங்கிக்கொண்டான். "வரேன்" என்றான்.

போனான். சாப்பிட்டான். அடுத்த வருஷமும் போனான், அதற்கடுத்த வருஷமும். புரொஜக்டரை விற்றுவிட்டான். அறுநூற்றுச் சொச்சத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து வெட்டிப் போட்டான், ஒன்றைத் தவிர. அவள் இன்னும் தன் மாத்திரையைத்தான் திட்டிக்கொள்கிறாள்.

கன்னியம்மாவுக்கு யேசுதாசன் கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது: இடது கண்ணின் பதினேழாம் படமும், அதை டாக்டரிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டு போனவன் நான்தான், தப்பு உன்னுடையது இல்லை, என்ற வார்த்தையும்.